மியூசியக் கல்யாணத்துக்குத் தங்கபுஷ்பம் கொண்டுவந்த தாலி

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாரல் காலம். சங்கரேஸ்வரி கைப்பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேரருவியில் தலையைக் கொடுத்தாள். மலைமேல் என்ன மழையோ, நின்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் கனத்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் ரவிக்கை முதுகோடு பிரிந்து, சேலை பாதிக்குமேல் கிழிந்து கிடக்கிறது. கம்பியை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நடக்க வழியில்லை, யாரையும் கூப்பிடவும் நாக்கு எழவில்லை.

அப்போது பூக்கூடையோடு ஒருத்தி அந்தப் பக்கம் வந்தாள். கூடையின் மேல் நனைத்துப் போட்டிருந்த வேட்டியை உருவி, இவள் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் சங்கரேஸ்வரி வேட்டியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். குற்றாலநாதர் கோயில் வாசலில் அந்தப் பூக்காரி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாலைந்து ஆம்பளைகள் பூ வாங்க நின்றார்கள். "நேத்து அருவியில..." என்று சங்கரேஸ்வரி வாயெடுத்ததும் பூக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த அருவி? நான் நேத்து அந்தப் பக்கமே வரலையே. ஆள் மாறி வந்துட்ட தாயி" என்றாள். சொல்லிக்கொண்டே வேட்டியை மட்டும் வாங்கிப் பின்னால் வைத்துக்கொண்டாள். மூடத் துணியில்லாமல் முந்தின நாள் ஒரு கூடைப் பிச்சிப்பூவும் வாடிப்போனதைப் பக்கத்துக் கடைக்காரிதான் பிற்பாடு சொன்னாள்.

அவள்தான் தங்கபுஷ்பம். அன்றிலிருந்து சங்கரேஸ்வரிக்கு அவள் அக்கா ஆனாள்.

ஊர் இலஞ்சிப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது மேலகரத்துக்கு. புருஷன் இசக்கிதுரை லாரி ஓட்டினான். புனலூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவன், "நாளைக்கு மத்தியானம் சோத்துக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. லாரி வந்தது, வேறொருவன் ஓட்டிக்கொண்டு வந்தான். ஆள் செத்தானா, இருக்கிறானா, இன்னொருத்தியோடு இருக்கிறானா, யாருக்கும் தெரியாது. தேடாத இடமில்லை, நேராத சாமியில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவன் கட்டின தாலி அவள் கழுத்தில் கிடந்தது. எவ்வளவோ முடை வந்தும் அது அடகுக்கடை வாசலைப் பார்த்ததில்லை.

தாலி இருந்து என்ன? ஊர் அவளைச் சுமங்கலி என்றும் சொல்லவில்லை, மற்றதும் சொல்லவில்லை. கல்யாண வீட்டு மாலையெல்லாம் அவள் கட்டித்தான் போகும். மாலையைக் கொண்டுபோய் மண்டப வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பிவிடுவாள். ஒருவரும் வராதே என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. பெற்ற ஒரே மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்தபோதுகூடத் தாரை வார்த்தது அவளுடைய அண்ணனும் மதினியும்தான். அவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லி யாரும் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. விடிய எழுந்து குளித்து, குழல்வாய்மொழி அம்மனுக்கு முதல் சரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வியாபாரத்துக்கு உட்காருவாள்.

போன ஆனியில் குற்றாலத்து மியூசியத்தில் இரண்டு நாள் விழா வைத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்று நடித்துக் காட்டுகிற விழா. பிள்ளைகள் வில்லில் அம்பு விட்டுப் பார்க்கலாம். சக்கரத்தில் மண்பானை வனையலாம். பெரிய தாழிக்குள் இறங்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் தலைக்கவசம் செய்து போட்டுக்கொண்டு கல்லூரிப் பையன்கள் யவனர்களாக வாசலில் நின்றார்கள். சாரலில் அட்டை ஊறிக் காதுவரை தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய வேடிக்கை.

சாயங்காலம் மேடையில் பழங்காலக் கல்யாணம். இதைச் சொல்லிக்கொடுத்தவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிற ஷெர்லின் டீச்சர். கல்யாணப் பெண் சங்கரேஸ்வரியின் மகள் கோமதி. மாப்பிள்ளை அவளோடு படிக்கிற பிரின்ஸ். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற வாழ்வரசிகள் நாலு பேர் சேர்ந்து, பூவும் நெல்லும் போட்ட தண்ணீரைப் பெண்ணின் தலையில் ஊற்றி வாழ்த்துவார்களாம். அதற்கு நாலு பெண்கள் வேண்டும். பூவுக்குச் சொல்ல வந்த டீச்சர் தங்கபுஷ்பத்தின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, "நீங்களும் ஒரு அம்மாவா வந்து நில்லுங்களேன்" என்று கூப்பிட்டுவிட்டார். வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்?

"என்னயவா?" என்று தங்கபுஷ்பம் இரண்டு தடவை கேட்டாளாம்.

விழாவுக்குச் சங்கரேஸ்வரி பெருமையோடு ஆவுடைத்தாயையும் அழைத்து வந்திருந்தாள். கோமதிக்கு மாப்பிள்ளை முடிவாகிப் பூ வைத்தாயிற்று. செங்கோட்டைப் பையன், பட்டாளத்தில் இருக்கிறான், பெயர் சுபாஷ். தாயில்லாப் பிள்ளை, அத்தை ஆவுடைத்தாய்தான் வளர்த்தாள். அந்த வீட்டில் அவள் சொல்தான் சட்டம். நல்ல இடம், மூன்று வருஷம் அலைந்து அமைந்த இடம். மகள் மேடையில் நிற்கிற அழகை அத்தை பார்க்கட்டும் என்றுதான் சங்கரேஸ்வரி இரண்டாம் வரிசையில் இடம் பிடித்து உட்கார வைத்தாள்.

மேடையில் தங்கபுஷ்பம் ஏறியதைப் பார்த்ததும் சங்கரேஸ்வரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள் அவள். மடிப்பு மடிப்பாக வெளுத்துப்போன அரக்குப் பட்டு. 'நடிப்புத்தானே' என்று சங்கரேஸ்வரி தன் மனசைத் தானே அதட்டினாள். அப்படி நினைத்ததற்கு அடுத்த நிமிஷமே வெட்கப்பட்டாள். நமக்கு வேட்டி கொடுத்த கை அல்லவா அது.

நாலு பேரும் குடத்தைச் சாய்த்தார்கள். நெல்லும் பூவும் கோமதியின் தலையில் வழிந்தது. மத்தளம் அடித்தார்கள். ஷெர்லின் டீச்சர் மைக்கில் விளக்கினார். "அந்தக் காலத்துல இவ்வளவுதான் கல்யாணம். மாலை இல்ல, தாலி இல்ல..."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. தங்கபுஷ்பம் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மஞ்சள் கயிறு, நடுவில் பச்சை மஞ்சள் கிழங்கு. அதைப் பிரின்ஸின் கையில் வைத்து, "கட்டுல ராசா" என்றாள். அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சரி, கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறார்கள் போல என்று அவனும் கயிற்றைக் கோமதியின் கழுத்தில் போட்டான். கீழேயிருந்து அவன் கூட்டாளிகள், "ஏலே, மூணு முடிச்சுல! மூணு!" என்று கத்தினார்கள். சிரித்துக்கொண்டே மூன்று முடிச்சும் போட்டுவிட்டான்.

கூட்டத்தில் இருந்த பெண்களுக்குத் தாலியைக் கண்டதும் நாக்கு சும்மா இருக்குமா? குலவை எழுந்தது. கையில் கிடைத்த பூவை எறிந்தார்கள். டீச்சர் திகைத்துப்போய், "அம்மா, இது என்னது?" என்று மைக்கை நீட்டினார்.

தங்கபுஷ்பம் மைக்கில் வாயை வைத்துச் சொன்னாள். "நேத்து ஒத்திகையில தாலி கிடையாதுன்னு சொன்னீக. விளையாட்டுன்னாலும் தலையில தண்ணி ஊத்துன பொண்ணை வெறுங்கழுத்தோட எறக்கலாமா? காலையிலயே அம்மன் பாதத்துல வச்சு, அர்ச்சனை பண்ணி, கோமதி பேரும் நட்சத்திரமும் சொல்லித்தான் எடுத்துட்டு வந்திருக்கேன்."

குலவை நின்றுவிட்டது. மத்தளக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. இருநூறு பேர் இருந்த இடத்தில் அருவிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சங்கரேஸ்வரிக்குக் காது அடைத்துப்போயிற்று. கையிலிருந்த சுண்டல் பொட்டலம் மடியில் கொட்டியது தெரியவில்லை. பக்கத்திலிருந்து ஆவுடைத்தாயின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது.

"மதினி. அது நெசத் தாலியா?"

மேடைக்குப் பின்னால் தாழிகளை அடுக்கியிருந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று சங்கரேஸ்வரிக்கு இன்றுவரை நினைவில்லை. கோமதி ஈரத் தலையோடு நின்றாள். "என்னம்மா இப்போ, கழத்திப் போட்டா முடிஞ்சுது" என்று கயிற்றில் கை வைத்தாள்.

"தொடாதட்டி!" என்று அலறினாள் சங்கரேஸ்வரி. கோமதி பயந்து கையை எடுத்துவிட்டாள். தாலியைக் கழற்றுவது என்றால் எதற்குக் கழற்றுவார்கள் என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத பெண்ணின் கழுத்திலிருந்து அதை யார் கழற்றுவது? எந்தக் கை துணியும்?

பிரின்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆன்ட்டி, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. கட்டச் சொன்னாங்க, கட்டுனேன். எங்கம்மா வெளிய நிக்காங்க, சர்ச்சுல தெரிஞ்சா என்னைய கொன்னே போட்டுருவாங்க. எனக்கு ரெண்டு அரியர் வேற இருக்கு."

"அரியர் இருக்குறவன் எதுக்குல மூணு முடிச்சு போட்ட?" என்றாள் கோமதி. அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு.

டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இது வெறும் நாடகம்மா. எல்லாரும் பார்த்தாங்கல்ல. இதுல ஒண்ணுமே இல்ல."

ஆவுடைத்தாய் அதற்குள் வந்துவிட்டாள். "டீச்சரம்மா, நாடகத்துக்குக் கவரிங் போடுவாக. அம்மன் பாதத்துல வச்சதையா போடுவாக? பேரு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணியிருக்காக. எங்க புள்ள பனியில நிக்கான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்? ஒருத்தன் கட்டுன கழுத்துலதான் நீயும் கட்டணும்னா?" அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் சங்கரேஸ்வரியை அறுத்தது. மூன்று வருஷ அலைச்சலும் கண்முன்னால் தண்ணீரோடு போகிறது.

தங்கபுஷ்பம் ஓரமாக நின்றாள். என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "சங்கரி, நான் நல்லதுன்னு நெனச்சு..." என்று ஒரு அடி வைத்தாள்.

"நல்லதா?" என்று திரும்பினாள் சங்கரேஸ்வரி. வாயில் என்ன வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "வாழாவெட்டி கையால தண்ணி ஊத்துனா வேற என்ன வெளங்கும்? உன்னைய யாரு மேடையில ஏறச் சொன்னா?"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கோமதி, "அம்மா!" என்றாள். ஆவுடைத்தாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷமாக ஒருநாளும் அந்த வார்த்தையை நினைத்ததில்லை என்றுதான் இருந்தாள். எங்கே இருந்தது அது?

தங்கபுஷ்பம் கோமதியின் கையைப் பிடித்தாள். "வா தாயி, கோயில் நடை தொறந்திருக்கும். சங்கரி, நீயும் வா. மதினி, நீங்களும் கட்டாயம் வரணும். நீங்க பாக்கணும்."

யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. நாலு பேரும் சாரலில் நனைந்துகொண்டே நடந்தார்கள். கோமதியின் கழுத்தில் சோழி மாலை, அதற்குக் கீழே மஞ்சள் கயிறு. அருவிக்கு வந்த கூட்டம் நின்று நின்று பார்த்தது. சங்கரேஸ்வரி தன் முந்தானையை எடுத்து மகளின் தோளைச் சுற்றிப் போர்த்தி மறைத்தாள்.

அம்மன் சந்நிதியில் அந்நேரம் கூட்டமில்லை. தங்கபுஷ்பம் கோமதியை அம்மனுக்கு நேராக நிறுத்தினாள்.

"மதினி, ஒண்ணு கேக்கேன். கயிறு நைஞ்சு போச்சுன்னா பொம்பளைக என்ன செய்யுதோம்?"

"புதுக் கயிறு மாத்துவோம்" என்றாள் ஆவுடைத்தாய்.

"புதுசப் போட்டுட்டுத்தான பழச எடுப்போம்?"

"ஆமா. கழுத்து ஒரு நிமிசம் சும்மா இருக்கக்கூடாதுல்லா."

"கயிறு மாத்துறது குத்தமா?"

"அதுல என்ன குத்தம்? வருசா வருசம் மாத்துததுதான்."

"சரி. எனக்குக் கயிறு நைஞ்சு போச்சு."

சொல்லிவிட்டுக் கோமதியின் கழுத்திலிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. அப்படியே பூப்போலத் தூக்கி, கோமதியின் தலைவழியே எடுத்து, இடையில் எங்கேயும் நிறுத்தாமல் தன் தலைவழியே தன் கழுத்தில் இறக்கிக்கொண்டாள். கயிறு ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்குப் போயிற்று. தரையிலும் படவில்லை, அறுபடவும் இல்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. தங்கபுஷ்பம் சேலைக்குள் கைவிட்டுத் தன் பழைய தாலியை வெளியே எடுத்தாள். இருபத்திரண்டு வருஷத் தாலி. குளித்தும் வேர்த்தும் கறுத்துப்போன கயிறு, தேய்ந்து மழுங்கின பொன். அதைத் தலைவழியே கழற்றினாள்.

"அக்கா, வேண்டாம்!" சங்கரேஸ்வரி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். "நான் சொன்னது தப்பு. நாக்குல புத்து வைக்கட்டும் எனக்கு. அவரு கட்டுனது அக்கா அது!"

"விடு சங்கரி. நீ சொன்னதுக்காக இல்ல." தங்கபுஷ்பத்தின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "புதுசப் போட்டா பழச எடுத்துத்தான் ஆகணும். இல்லன்னா கயிறு மாத்துனதுன்னு ஆகாதுல்லா? மதினி ஒப்பணும்லா?"

உண்டியல் வாயில் தாலியைப் போட்டாள். உள்ளே அது விழுந்த சத்தம் அந்த மண்டபம் முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது சங்கரேஸ்வரிக்கு. ஒரு பிள்ளைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதற்காக, இருபத்திரண்டு வருஷம் பிடித்துவைத்திருந்ததை ஒரு மனுஷி இப்படிப் போட்டுவிட முடியுமா? கட்டினவன் என்றைக்காவது திரும்பி வந்தால் காட்டுவதற்கு இனி அவளிடம் என்ன இருக்கிறது?

"இது அம்மன் பாதத்துல இருந்த கயிறு" என்று கழுத்தைத் தொட்டுக்கொண்டாள் தங்கபுஷ்பம். "யாரு கட்டுனதுன்னு கேட்டா, அவ கட்டுனதுன்னு சொல்லிக்கிடுதேன்."

ஆவுடைத்தாய் உண்டியலைப் பார்த்தாள், தங்கபுஷ்பத்தின் கழுத்தைப் பார்த்தாள், கோமதியைப் பார்த்தாள். பிறகு குங்குமத்தை எடுத்து முதலில் தங்கபுஷ்பத்தின் நெற்றியில் வைத்தாள். அடுத்தபடியாகக் கோமதிக்கு. "கயிறு மாத்தியாச்சு. இதுக்கு மேல யாரும் ஒண்ணும் பேசக்கூடாது. கோமதிக்கு நாங்க புதுக் கயிறு கொண்டுட்டு வாரோம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு அரியர் பயல மட்டும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுராதீக" என்றாள்.

அன்று ராத்திரியே யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பட்டாளத்திலிருந்து சுபாஷும் பார்த்துவிட்டான். அவனாகவே கோமதிக்குப் போன் போட்டு, "எனக்கு முன்னால ஒருத்தன் முந்திக்கிட்டானாமே" என்று சிரித்தானாம். அத்தையே பேசக்கூடாது என்றுவிட்டதால் வேறு யாருக்கும் வாய் திறக்கவில்லை. ஆவணியில் நிச்சயதார்த்தம் குறையில்லாமல் நடந்தது.

குறை சங்கரேஸ்வரிக்குள்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போன இரண்டு தடவையும், "பூ வேணுமா, எத்தன மொழம்?" என்றே தங்கபுஷ்பம் பேச்சை எடுத்தாள். அருவிக்கரை வேட்டியை மறந்ததுபோல அந்த வார்த்தையையும் மறந்துவிட்டாள், அல்லது மறந்ததாகக் காட்டினாள்.

தையில் கல்யாணம். மார்கழி பிறந்தால் பத்திரிகை கொடுக்கமாட்டார்கள் என்று கார்த்திகைக் கடைசியிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் பத்திரிகை அம்மனுக்கு. இரண்டாவதை எடுத்துக்கொண்டு சங்கரேஸ்வரி மேலகரத்தில் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கே போனாள். தட்டில் பழம், பாக்கு, ஒரு பட்டுச் சேலை. அக்காவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பாயில் உட்கார்ந்து கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அந்த மஞ்சள் கயிறு இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

அதுதான் கடைசியாகப் பார்த்தது. மார்கழி நாலாம் தேதி, காய்ச்சல் முற்றி, தென்காசி ஆஸ்பத்திரியில் வைத்துத் தங்கபுஷ்பம் போய்விட்டாள். சிவகாசியிலிருந்து மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கயிற்றை யாரும் கழற்றவில்லை. கழற்றக்கூடாது என்று முன்னால் நின்று சொன்னவள் சங்கரேஸ்வரி. அந்தக் கயிற்றோடுதான் போனாள்.

பத்திரிகை கொடுத்த அன்று சங்கரேஸ்வரி தட்டை நீட்டி, காலில் விழப் போனாள். "அக்கா, நீங்கதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும். மணவடையில, எனக்குப் பக்கத்துல. யாரு என்ன சொன்னாலும் சரி" என்றாள். தங்கபுஷ்பம் அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தாள்.

"மேடையில எல்லாம் என்னைய ஏத்தாத ஏட்டி. ஒரு தடவ ஏறி நீங்கள்லாம் பட்ட பாடு போதும். அவ தலையில நெல்லும் பூவும் ஊத்துனேன்லா, என் மனசுக்கு அன்னைக்கே கல்யாணம் நடத்தியாச்சு. மண்டபத்துக்கு வாரேன், கண்டிப்பா உள்ள வாரேன். மொத பந்தியில எனக்கு ஒரு எல போட்டு வையி, அது போதும்."